பெங்களூரில் கல்யாணம் ஆகாமல் சேர்ந்து குடியிருக்கப் போகிறீர்களா? முதலில் பேப்பரைச் சரி செய்யுங்கள்

வீடு தேடிப் போனால் முதல் கேள்வியே "ஃபேமிலியா, பேச்சுலரா?" என்பதுதான். "கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க சார், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்பார் புரோக்கர். சொல்லவே சொல்லாதீர்கள். நாளைக்கு விஷயம் தெரிந்தால், காலி செய்யச் சொல்லவும் அட்வான்ஸை இழுத்தடிக்கவும் ஓனருக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பேரும் வேலையில் இருக்கிறோம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அல்சூர் பக்கம் தமிழ் ஓனர்கள் கிடைப்பார்கள், ஆனால் நம்ம ஊர்க்காரர் என்றதும் அப்பா பெயரிலிருந்து விசாரணை தொடங்கும், பெல்லந்தூர், எச்.எஸ்.ஆர். லேஅவுட் மாதிரி ஐடி ஆட்களுக்கே விட்டுப் பழகிய இடங்களில் தேடுவது சுலபம்.

சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. 2010-ல் நடிகை குஷ்பு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இப்படி வாழ்வதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2025 முதல் உத்தராகண்டில் இருக்கிறது, கர்நாடகத்தில் இல்லை.

இனி அக்ரிமென்ட். வழக்கமான 11 மாத அக்ரிமென்ட்தான், ஆனால் வாடகைதாரர் என்ற இடத்தில் இரண்டு பேர் பெயரும் வந்தே ஆக வேண்டும். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், சண்டை வந்த ராத்திரி மற்றவர் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான், அந்த மற்றவர் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கிறார் என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அட்வான்ஸில் அவரவர் பங்கை அவரவர் கணக்கிலிருந்தே ஓனருக்கு அனுப்புங்கள். "திருப்பித் தரும்போது அதே கணக்குகளுக்கே தரப்படும்" என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் எல்லா லிவ்-இன் உறவும் அதில் சேராது. கோயம்புத்தூரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வேலுசாமி வழக்கில், 2010-ல் நிபந்தனைகள் வகுக்கப்பட்டன: இருவருக்கும் திருமண வயது, திருமணத்துக்குச் சட்டத் தடை இல்லாத நிலை, கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பது, ஊரறியத் தம்பதி போல இருந்திருப்பது. அந்த ஆணுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறார் என்று தெரிந்தே போய்ச் சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது, 2013-ல் இந்திரா சர்மா வழக்கில் அதுதான் நடந்தது.

அப்புறம், ஒருவர் இறந்துவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி துணைக்கு ஒன்றும் வராது, பெற்றோர், அவர்கள் இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்கள் என்று ரத்த உறவுகளுக்குத்தான் போகும். வங்கியில் நாமினி போட்டால் மட்டும் போதாது, உயில் எழுதுங்கள். பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். சொத்து பெறப்போகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள்.