இரவு வானைப் படமெடுக்கும்போது மதுரை உங்களுக்கு எந்தத் திசையில் இருக்கிறது?

கேமரா வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத மூன்று இளைஞர்கள், மார்ச் அமாவாசையை ஒட்டிச் சிறுமலையில் எடுத்த பால்வீதிப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்று பேரின் படத்திலும் கீழ்ப்பாதி வெளுத்து, கழுவிவிட்டதுபோல இருந்தது. கேமராவில் கோளாறா, லென்ஸை மாற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த படங்கள் நினைவுக்கு வந்தன. அதே மலை, அதே திசை, அதே வெளுப்பு.

முக்காலி இல்லாமல் போவது, பௌர்ணமியன்று போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே இரவில் அவை தாமாகவே புரிந்துவிடும். பல மாதங்கள் புரியாமலே இருந்து பணத்தையும் உழைப்பையும் தின்னும் தவறுகள்தாம் எனக்கு முக்கியம்.

இருட்டான இடம் என்று நம்பி வடக்கே போவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மதுரைக்காரர்களுக்கு இருட்டு என்றால் உடனே நினைவுக்கு வருவன சிறுமலை, அழகர்கோவில், நத்தம் சாலை. எல்லாமே நகரத்துக்கு வடக்கே இருக்கின்றன. பால்வீதியின் செறிவான நடுப்பகுதியோ விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையில், அதாவது மூலம், பூராடம் நட்சத்திரங்களின் பக்கம் இருக்கிறது. அது தென்கிழக்கில் எழுந்து, தெற்கே உச்சம் அடைந்து, தென்மேற்கில் மறையும். வடக்கே போய் நின்றுகொண்டு தெற்கே கேமராவைத் திருப்பினால், நடுவில் மதுரை முழுவதும் விளக்கேற்றிக்கொண்டு நிற்கிறது.

சிறுமலைக்கு இது இன்னும் மோசம். அங்கிருந்து மதுரை இருப்பது சற்றே கிழக்கு சாய்ந்த தெற்கில். மார்ச் மாதத்தில் விடிவதற்கு முன் பால்வீதியின் நடுப்பகுதி எழுந்து நகரும் பாதைக்கு நேர் கீழே நகரம். நான் மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு மார்ச் மாதமும், நண்பரின் தோட்டத்து வீட்டில் தங்கி அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அதே திசையில் படமெடுத்தேன். என்னைச் சுற்றி என் கை எனக்கே தெரியாத இருட்டு. அதனால்தான் ஏமாந்தேன். நம்மைச் சுற்றியுள்ள இருட்டு கால் இடறாமல் நடக்க வேண்டியவனுக்குத்தான் கணக்கு. படத்துக்குக் கணக்கு, லென்ஸ் பார்க்கும் திசையில் பல பத்து கிலோமீட்டர் வரை நிற்கும் காற்று. நகரத்தின் ஒளி அந்தக் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறுகிறது. அடிவானத்தை நெருங்க நெருங்க நாம் ஊடுருவிப் பார்க்கும் காற்றின் தடிமன் கூடுகிறது, வெளுப்பும் கூடுகிறது.

இரண்டாம் ஆண்டு, ஒளி மாசை வெட்டும் என்று சொல்லி விற்ற ஒரு ஃபில்டரை வாங்கினேன். அத்தகைய ஃபில்டர்கள் சோடியம் விளக்கின் மஞ்சளை, 589 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை, நன்றாகவே தடுக்கும். ஆனால் தெருக்களில் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. அவற்றின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது. ஃபில்டர் படத்தை நீலமாக்கியது. வெளுப்பு அப்படியே இருந்தது. பிறகு கணினியில் உட்கார்ந்து மாறுபாட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். பால்வீதியோடு சேர்ந்து மதுரையும் பளிச்சென்று எழுந்தது.

மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் காரியாபட்டியைத் தாண்டி, திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நின்றேன். மலை இல்லை, குளிர்ச்சி இல்லை, பனைகளும் சீமைக்கருவேலமும்தான். மதுரை எனக்கு வடக்கே, முதுகுப்பக்கம். கேமராவோடு வந்த அதே கிட் லென்ஸ், 18 மி.மீ., எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 3200. முதல் படத்திலேயே பால்வீதியின் கரும்பட்டைகள் தெரிந்தன.

ஆகவே இடம் தேடும்போது வரைபடத்தில் உங்கள் இடத்திலிருந்து தென்கிழக்கே ஒரு கோடு, தெற்கே ஒரு கோடு போடுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்குள் அந்தக் கோடுகளில் பெரிய ஊர் வந்தால் அந்த இடம் வேண்டாம். சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளின் இரவு ஒளித் தரவை வைத்து வரைந்த ஒளி மாசு வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தனியாகப் போகாதீர்கள், ஊர்க்காரர்களிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஃபோகஸ் செய்துவிட்டோம் என்று மறந்துவிடுவது

லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது என்பதைப் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் நேரடியாகப் பார்த்தபடி, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை, மார்ச் அதிகாலையில் கேட்டையை, பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். இதைச் சரியாகச் செய்தவர்களும் கலங்கிய படங்களோடு வருகிறார்கள். காரணம், ஃபோகஸ் செய்த பிறகு ஜூமை மாற்றுகிறார்கள். கிட் லென்ஸில் ஜூம் நகர்ந்தால் ஃபோகஸும் நகரும். அல்லது லென்ஸைத் தானியங்கி நிலையிலேயே விட்டுவிடுகிறார்கள். ஷட்டரைப் பாதி அழுத்தியதும் கேமரா இருட்டில் தேடத் தொடங்கி எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. கைமுறைக்கு மாற்றுங்கள், வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், அரைமணிக்கு ஒருமுறை படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் துல்லியமாகத்தான் தெரியும்.

500 விதியை அப்படியே பிடித்துக்கொள்வது

நட்சத்திரம் கோடாகாமல் இருக்க ஷட்டரை எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்பதற்குச் சொல்லப்படும் கணக்கு இது. 500-ஐ லென்ஸின் 18 மி.மீ.-ஆலும், சிறிய சென்சாருக்கான 1.5 மடங்காலும் வகுத்தால் சுமார் 18 வினாடி வரும். 24 மெகாபிக்சல் சென்சாரில் 18 வினாடிக்கு நட்சத்திரம் கோடாக இழுபடும். நான் 12 வினாடிக்கு மேல் போவதில்லை.

துருவ நட்சத்திரத்தை உயரத்தில் தேடுவது

வெளிநாட்டுப் பாடங்களில் நட்சத்திரக் கோடுகள், அதாவது அடுத்தடுத்து எடுத்த படங்களைச் சேர்த்தால் தெரியும் நட்சத்திரங்களின் தடங்கள், துருவ நட்சத்திரத்தைச் சுற்றித் தலைக்கு மேலே வட்டமிடும். மதுரை பத்து டிகிரி அட்சரேகையை ஒட்டியிருக்கிறது. துருவ நட்சத்திரம் வடக்கே பத்து டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அவ்வளவுதான். யானைமலைக்குத் தெற்கே அடிவாரத்தை ஒட்டி நின்றால் பாறை அதை மறைத்துவிடும். நன்றாக விலகி வந்து நில்லுங்கள். மலையும் வட்டமும் சேர்ந்தே கிடைக்கும். அழகர்கோவில் பக்கமும் இப்படி வடக்கே பார்க்கும் படங்களுக்கு நல்ல இடம்தான்.

நீண்ட ஒளிப்பதிவு இரைச்சல் குறைப்பு

படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகளைக் குறைக்கக் கேமராவிலேயே இருக்கும் வசதி இது. நட்சத்திரக் கோடுகள் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும். கோடு துண்டு துண்டாக விழும்.

ஜே.பி.ஜி.

வேண்டாம். சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பில் எடுங்கள்.

குளிரூட்டிய காரில் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு போவது

இறங்கியதும் வெளியிலுள்ள சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிடும். துடைத்தால் மறு நிமிடமே மீண்டும் படியும். லென்ஸ் வெளிச்சூட்டுக்கு வருவதற்குள் அரைமணி நேரம் போய்விடும். அந்த அரைமணியில் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். பையை டிக்கியில் வையுங்கள்.