ஆகஸ்ட்டில் குவார்ட்டர்பேக் தேர்வு: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

போன வாரம் பயிற்சி மைதானத்தில், புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவ உதவியாளர்களைப் பார்த்தேன். கையில் டேப்லெட், முகத்தில் பரீட்சை முடிவு வந்த பூரிப்பு. "இவன் எறிந்ததில் 68 சதவீதம் பிடிபட்டது, அவனுக்கு 61. அப்புறம் என்ன யோசனை?" என்று ஒருவன் மற்றவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே கோட்டருகே அட்டையும் பென்சிலுமாக நின்று நானும் அதையேதான் சொன்னேன்.

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சின்னக் கல்லூரி எங்களுடையது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை தராத மூன்றாம் பிரிவு. மேற்படிப்புக்கு வந்த இடத்தில், பயிற்சியை வீடியோ எடுக்கவும் கணக்கு எழுதவும் ஆள் வேண்டும் என்றார்கள். அப்போது ஒட்டிக்கொண்டவன், இன்னும் விடவில்லை.

அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் சென்டர் என்பவர் கால்களுக்கிடையே பின்பக்கமாகப் பந்தைக் கொடுப்பார், அதுதான் ஸ்னாப். அநேகமாக ஒவ்வொரு முறையும் அதை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதை அவர் சில விநாடிகளில் முடிவுசெய்ய வேண்டும். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம். இங்கே ஒரே நாற்காலி.

கை பலம் போதுமா, கால் வேகம் போதுமா என்பதையெல்லாம் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு என் புத்திமதி தேவையில்லை.

பயிற்சியில் வந்த சதவீதத்தை நம்புவது

எங்களிடம் அப்போது இரண்டு பையன்கள். மூத்தவன் கடைசி வருஷம். அலட்டல் கிடையாது, பந்தைச் சட்டென்று கைவிட்டு அனுப்பிவிடுவான். இளையவன் இரண்டாம் வருஷம். எறிந்தால் பந்து சீறிக்கொண்டு போகும். மூன்று வாரம் நான் ஒவ்வொரு பாஸையும் எழுதினேன். பிடித்தால் ஒரு டிக், பிடிக்காவிட்டால் பெருக்கல் குறி. கடைசியில் கூட்டினால் இளையவன் ஒன்பது புள்ளி முன்னால். தலைமை கோச்சுக்கும் மனதுக்குள் இளையவன்தான். என் தாளை வாங்கிக் கூட்ட அறையின் சுவரில் ஒட்டினார். ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கணக்கு வந்து சாட்சி சொன்னது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே இளையவனைப் பந்தோடு ஐந்து முறை வீழ்த்தினார்கள். இரண்டு முறை பந்தும் கைவிட்டுப் போனது. தோற்றோம். அடுத்த வாரமும் தோற்றோம்.

அந்த ஞாயிறு ராத்திரி ஆகஸ்ட் வீடியோக்களை ஸ்டாப்வாட்ச்சோடு திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, நான் எழுதியது எதற்குமே உதவாத கணக்கு என்று.

பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்குத் தனிநிறச் சட்டை, பெரும்பாலும் சிவப்பு. அவரை யாரும் இடிக்கக்கூடாது என்பது அதன் அர்த்தம். காயம் பட்டுவிடக்கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். பாய்ந்து வரும் தடுப்பாட்டக்காரர் கையெட்டும் தூரத்தில் நின்றுவிடுகிறார். விசில் அடிக்க வேண்டியவர் மறந்துவிடுகிறார். நம் ஆள் நாலு விநாடி சாவகாசமாக நின்று, தூரத்தில் ஓடுகிறவரைக் கண்டுபிடித்து எறிகிறார். அழகான பாஸ். கைதட்டல். என் தாளில் டிக். நிஜ ஆட்டத்தில் அந்த எறிதலே இருந்திருக்காது. அவர் தரையில் கிடந்திருப்பார். இளையவனின் டிக்குகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். வலைப்பயிற்சியில் அடித்த சிக்ஸரை ஸ்கோர் போர்டில் ஏற்றுகிற வேலையைத்தான் நான் மூன்று வாரம் சிரத்தையாகச் செய்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. மூத்தவன் யாரோடு ஆடினான் என்று பார்த்தேன். "அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, புதுப் பையன்களைக் கொஞ்சம் தேற்றட்டும்" என்று அவனை இரண்டாம் வரிசையோடு விட்டிருந்தார்கள். அவனுக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய ஐந்து பேரில் மூன்று பேர் முதல் வருஷம். பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் தப்பான பக்கம் திரும்பினார்கள். ஆக, அவன் அனுபவம்தான் அவன் சதவீதத்தைக் குறைத்தது. என் தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மூன்றாவது, எழுதி வைத்த வரிசை. ஒரு வாய்ப்பில் ஆட வேண்டிய திட்டம்தான் பிளே. பயிற்சியில் எந்த பிளேக்குப் பிறகு எது என்று முதல் நாளே தாளில் கொடுத்துவிடுவார்கள். இளையவன் அதை மனப்பாடம் செய்துகொண்டு வருவான். தப்பில்லை, நல்ல மாணவன் அப்படித்தான் செய்வான். ஆனால் அதை வைத்து ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்று சொல்லிவிட முடியாது. நான்காவது இன்னும் நுட்பமானது. எங்கள் லைன்பேக்கர் (தடுப்பாட்டத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர்) ஒருவன் பாய்ந்து வரப்போகிறான் என்றால் இடது காலைச் சற்று வெளியே திருப்புவான். மூன்று வாரம் அவனை எதிர்த்தே ஆடிய இளையவனுக்கு அது அத்துப்படி. எதிரணியில் அந்தக் கால் இல்லையே!

இப்போது நான் எழுதும் தாள் வேறு. ஸ்னாப் முதல் பந்து கைவிடும் வரை எத்தனை விநாடி என்பது முதல் கட்டம். இரண்டரைக்குமேல் போனால் சிவப்பு மையில் வட்டம். தடுப்பாட்டக்காரர் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால், அதன்பின் பந்து என்ன ஆனாலும் எனக்கு அக்கறையில்லை. "வீழ்ந்தார்" என்றே எழுதுவேன். முன்னால் நின்ற ஐந்து பேர் யார் என்று அடுத்த கட்டம். தடுப்பாட்டக்காரர் கையில் விழுந்து தவறிப்போன பந்துகளுக்குத் தனிக் கட்டம். அவை நல்ல எறிதல் இல்லை, நல்ல அதிர்ஷ்டம். வழியே இல்லாதபோது பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டால் அது டிக், பெருக்கல் குறி இல்லை. மூன்றாவது வாய்ப்பில் எட்டு யார்டு தேவைப்படும்போது நாலு யார்டு பாஸ் போட்டால், பிடித்தாலும் டிக் கிடையாது. அடுத்து பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்கத்தானே போகிறோம்?

மூன்றாவது வாரம் மூத்தவனை இறக்கினார்கள். ஆகஸ்ட் முழுக்க முதல் வரிசை சென்டரோடு அவன் சேர்ந்து ஆடியதே இல்லை. முதல் நான்கு ஸ்னாப்களில் இரண்டு கை நழுவின. மூன்றாம் பிரிவில் ஒரு சீசன் என்பது பத்து ஆட்டம். அவனுக்குக் கடைசி வருஷம். அதில் இரண்டை நான் பென்சிலால் அழித்தேன். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன், கோபம் குறையக்கூடாது என்பதற்காக.

இருவருக்கும் சரிபாதி, கடைசி வரைக்கும்

நியாயமாகத் தோன்றும். ஆனால் முதல் வரிசையோடு கிடைக்கும் ஸ்னாப்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அதை இரண்டாக வெட்டினால் இரண்டு பேருமே அரைத் தயார்.

ஒஹையோ ஸ்டேட் என்ற பெரிய கல்லூரி அணி, 2015. முந்தைய வருஷம் நடந்தது ஒரு கதை. ஆகஸ்ட்டில் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள்பட்டை போனது. வந்த ஜே.டி. பாரெட்டுக்கு மிஷிகன் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரெகனை 42-20 என்று வீழ்த்தித் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் பாரெட், ஜோன்ஸ் இருவரும் நலமாக வந்து நின்றார்கள். கோச் அர்பன் மெயர் முதல் ஆட்டம் வரை பெயர் சொல்லவில்லை. சீசன் தொடங்கிய பிறகும் ஒருவர் மாற்றி ஒருவர். எதிரணியின் கோல் கோட்டருகே வந்தால் பாரெட், மற்ற இடத்தில் ஜோன்ஸ் என்றுகூட முயன்றார்கள். மிஷிகன் ஸ்டேட்டிடம் 17-14 என்று ஒரே ஒரு தோல்வி. கோப்பைக்கான போட்டியிலிருந்தே வெளியேறினார்கள். 12-1 என்பது மோசமில்லை என்பீர்கள். அந்த அணியில் இருந்த ஆட்களைப் பார்த்தால் மோசம்தான்.

விதிவிலக்கு உண்டு. 1997-ல் ஃப்ளோரிடாவின் கோச் ஸ்டீவ் ஸ்பரியர் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை பிளேக்கு பிளே மாற்றி அனுப்பி, ஃப்ளோரிடா ஸ்டேட்டை 32-29 என்று ஜெயித்தார். ஒரே ஒரு ஆட்டத்துக்கான தந்திரம் அது, அதுவும் ஸ்பரியர் கையில். நாமெல்லாம் ஸ்பரியர் இல்லை.

எனக்குப் பிடித்தது 2022-ல் மிஷிகன் செய்தது. கேட் மெக்னமாராவுக்கு முதல் ஆட்டம், ஜே.ஜே. மெக்கார்த்திக்கு இரண்டாவது ஆட்டம் என்று கோச் ஜிம் ஹார்பா முன்கூட்டியே அறிவித்தார். இரண்டும் முடிந்ததும் மெக்கார்த்தி என்று சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டார்தான், ஆனால் தேதி குறித்துவிட்டுத் தள்ளிப்போட்டார்.

உயரம்

அளவுநாடா தையல்காரருக்கு.

ஸ்னாப்புக்குப் பிறகுதான் ஆட்டம் என்று நினைப்பது

ஒரு பிளே முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. அதற்குள் கோச் சொன்னதை வாங்கி, பத்துப் பேருக்குச் சொல்லி, நிற்கவைத்து, எதிரே இருப்பவர்களைப் படிக்க வேண்டும். பெரிய கல்லூரிகளில் 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது. ஆனால் கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது அது துண்டிக்கப்படும். அதற்குமேல் பையன் தனி. அந்த நேரத்தில் அவன் கண் எங்கே போகிறது, யாரைக் கைகாட்டி நகர்த்துகிறான் என்று பாருங்கள். கேமராவைப் பந்து நகர்ந்த பிறகு ஓடவிடும் உதவியாளர்களை நான் திட்டுவது இதனால்தான்.

வசந்தகால ஆட்டம்

அணி தன் ஆட்களையே இரண்டாகப் பிரித்து ஆடுவது, ரசிகர்களுக்கான திருவிழா. அன்று நான் கணக்கே எழுதுவதில்லை.

தேர்வாகாதவனை மறந்துவிடுவது

எங்கள் மூத்தவனுக்கு விஷயம் தெரிந்தது கதவில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து. யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அவனிடமே போய் நிற்க வேண்டியிருந்தபோது யாராலும் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

பெரிய இடங்களில் இதன் விலை உடனே தெரியும். 2018-ல் கிளெம்சனில் கெல்லி பிரையன்ட் தொடக்க ஆட்டக்காரர். முந்தைய வருஷம் அணியைக் கோப்பைச் சுற்றுவரை கொண்டுபோனவர். நான்கு ஆட்டம் முடிந்ததும் முதல் வருஷ மாணவர் டிரெவர் லாரன்ஸ்தான் இனி என்றார்கள். நான்கு ஆட்டத்துக்குமேல் ஆடாவிட்டால், ஒரு மாணவன் ஆட அனுமதித்த வருஷங்களில் அந்த வருஷம் கணக்கில் வராது என்ற விதி அப்போதுதான் வந்திருந்தது. பிரையன்ட் கிளம்பிவிட்டார். அடுத்த ஆட்டத்திலேயே, சிராக்யூஸுக்கு எதிராக, லாரன்ஸுக்கு அடி. மிச்சமிருந்தவர் சேஸ் பிரைஸ். அவர் கடைசி நிமிடங்களில் 94 யார்டு நகர்த்தி 27-23 என்று காப்பாற்றினார். கிளெம்சன் 15-0 என்று கோப்பை வென்றதை எல்லோரும் லாரன்ஸின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பிரைஸைத் தயாராக வைத்திருந்தவர்களின் கதை.

அதே வருஷம் அலபாமா. தொடக்க ஆட்டக்காரராக 26 வெற்றி, 2 தோல்வி என்றிருந்த ஜேலன் ஹர்ட்ஸை விட்டு டுவா டாகோவைலோவாவை எடுத்தார்கள். ஹர்ட்ஸ் போகவில்லை. டிசம்பரில் டுவா காயத்தோடு வெளியேறியதும் உள்ளே வந்து, பின்தங்கியிருந்த ஆட்டத்தை ஜார்ஜியாவிடமிருந்து 35-28 என்று பறித்தார்.

எடுக்காததால் அவன் மட்டம் என்ற நினைப்பும் வேண்டாம். 2018-ல் டுவெய்ன் ஹாஸ்கின்ஸைத் தாண்ட முடியாமல் ஒஹையோ ஸ்டேட்டை விட்டுப் போனவர்தான் ஜோ பர்ரோ. மறுவருஷம் எல்.எஸ்.யூ. கல்லூரியில் 60 டச் டவுன் பாஸ், அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த பாஸ். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, கோப்பை எல்லாம். ஒஹையோ ஸ்டேட் ஏமாந்துவிட்டது என்று சிரிப்பவர்கள், ஹாஸ்கின்ஸ் அந்த 2018-ல் 50 டச் டவுன் பாஸ் போட்டதைச் சொல்வதில்லை. அவர்கள் தேர்வும் சரிதான்.

சக வீரர்களிடம் வாக்கெடுப்பு

கூடாது. ஆனால் சாப்பாட்டு ஹாலில் முன்வரிசைத் தடியன்கள் யார் மேசையில் போய் உட்காருகிறார்கள் என்று பார்த்துவையுங்கள்.

அந்த இரண்டு உதவியாளர்களிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து, பழைய வீடியோவைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். டேப்லெட்டே எல்லாம் கணக்குப் போடுகிறதே என்று ஒருவன் முனகினான். இன்று காலை வந்தபோது, 68 என்றிருந்த இடத்தில் 49, 61 இருந்த இடத்தில் 57. இரண்டு பேரும் தலைமை கோச்சின் அறைக்கு வெளியே நின்று, யார் முதலில் உள்ளே போவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.