எடை ஏறாமல் பலம் ஏற

"வெயிட் தூக்கினால் உடம்பு பெருத்துவிடும்" என்று பயந்து ஜிம் பக்கமே போகாதவர்கள் இங்கே பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே சிலர் உண்டு. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பாருங்கள். 49 கிலோ பிரிவில் நின்று, டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார்.

தசை பருத்தால்தான் பலம் என்றில்லை. இருக்கிற தசை நார்களில் எத்தனையை நரம்பு மண்டலம் ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்கிறது என்பதும் பலம்தான். அதைப் பழக்கக் கனமான எடையும் குறைந்த எண்ணிக்கையும் வேண்டும். தட்டு மாட்டிய கம்பியான பாரை வைத்து மூன்று பயிற்சி போதும்: தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேலே தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ். நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு செட்டுக்கு 3 முதல் 5 தடவை, மூன்று நான்கு செட், வாரம் இரண்டு மூன்று நாள். இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்கலாம் என்ற நிலையிலேயே பாரை இறக்கிவிடுங்கள்.

செட்டுகளுக்கு நடுவே 3 நிமிடமாவது ஓய்வு. இதுதான் கஷ்டம். சாயங்காலக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் அதற்குள் "ஆய்த்தா?" (முடிந்ததா?) என்று கன்னடத்தில் இரண்டு தடவை கேட்டுவிடுவார். முடிந்தால் காலையில் போங்கள்.

புதியவர் என்றால் முதல் சில வாரம் லேசான எடையில் முறையைப் பழகுங்கள். அப்புறம் பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டாக ஏற்றினால் போதும்.

உடம்பின் எடையைத் தீர்மானிப்பது சாப்பாடு. ஜிம் போகிறோமே என்று தினமும் கூடுதலாக ஒரு மசால் தோசை உள்ளே போனால் பாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பருப்பு, முட்டை, தயிரைக் கூட்டி, அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள்.