குரங்கின் வாலை வைத்துக் குளிரை அளக்காதீர்கள்

குளிர்ப் பகுதிக் குரங்கு என்றால் உடல் பெரிது, வால் குட்டை. வெப்பப் பகுதி என்றால் நேர்மாறு. இப்படித்தான் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அடிப்படை சரிதான். உடல் பெரிதாகும் அளவுக்குத் தோலின் பரப்பு பெருகுவதில்லை. அதனால் பெரிய உடல் வெப்பத்தை மெதுவாக இழக்கிறது. இதை 1847இல் ஜெர்மன் உயிரியலாளர் பெர்க்மான் எழுதினார். வால், காது போன்ற நீட்சிகள் குளிரில் குறுகும் என்று 1877இல் அமெரிக்க விலங்கியலாளர் ஆலன் சொன்னார். சிக்கல், இவற்றைக் கண்ட இடத்திலெல்லாம் பொருத்துவதில்தான்.

நெருங்கிய உறவு இல்லாத இனங்களை ஒப்பிடுவது முதல் தவறு. பெர்க்மான் பேசியது நெருங்கிய இனங்களைப் பற்றி. குரங்குகளிலேயே பெரியதான மாண்ட்ரில் வாழ்வது காபோன், கேமரூன் பக்கத்து வெப்ப மழைக்காட்டில். அதன் ஆண் 30 கிலோவைத் தாண்டும். பனியில் வாழும் ஜப்பானியக் குரங்கு பொதுவாக அதில் பாதிகூட வராது. ஜப்பானுக்குள்ளேயே ஒப்பிட்டால் விதி தெரிகிறது: தெற்கே யாகுஷிமா தீவில் இருப்பவை சிறியவை. ஆனால் தீவு வாழ்க்கையும் உடலைச் சிறிதாக்கக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது வாலில்தான். ஆனைமலைக்கே வாருங்கள். சிங்கவால் குரங்கு பெரும்பாலும் மரத்திலேயே வாழ்கிறது. சமநிலைக்கு அதற்குத்தானே நீண்ட வால் வேண்டும்? ஆனால் அதன் வால் உடலைவிடக் குட்டை. சாலையோரத்தில் தரையில் உலவும் நம் நாட்டுக்குரங்கின் வாலோ பெரும்பாலும் உடலைவிட நீளம். ஒரே மலை, ஏறக்குறைய ஒரே வெயில். காரணம் வம்சாவளி. சிங்கவால் குரங்கு, பன்றிவால் குரங்குகளும் சுலவேசித் தீவுக் குரங்குகளும் அடங்கிய கிளையைச் சேர்ந்தது. சுலவேசி நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது, அங்குள்ள அந்தக் குரங்குகளுக்கு வால் வெறும் மொட்டு. மறுபுறம், இமயமலை லங்கூர் பனிக்காலத்திலும் நீண்ட வாலோடு வாழ்கிறது. மூதாதையர் விட்டுச்சென்ற உடலின் மேல்தான் தட்பவெப்பம் வேலை செய்கிறது. இதை விட்டுவிட்டுச் சொல்லும் எந்த விளக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

ஜப்பானியக் குரங்கு குளிரைத் தாங்குவது வெந்நீர் ஊற்றால் என்பதும் தவறு. வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஜப்பானின் ஜிகோகுதானியில் குரங்குகள் குளிக்கப் பழகியதே 1960களில்தான். அடர்ந்த குளிர்கால ரோமமும் இலையுதிர் காலத்தில் சேர்க்கும் கொழுப்பும்தான் அந்த இனத்தைக் காப்பவை.

கடைசியாக, எடை. மனிதர்கள் தீனி போடும் குரங்குகள் காட்டுக் குரங்குகளைவிடக் கனக்கும். கோயில் குரங்கை எடைபோட்டுத் தட்பவெப்பத்தைப் பற்றி முடிவு கட்ட முடியாது. எலும்பின் நீளத்தை அளப்பதே நம்பகம், அதையும் ஆண், பெண், குட்டி என்று பிரித்து ஒப்பிட வேண்டும்.