திருத்திய கோப்பு பழையபடியே தெரிந்தால் எங்கே தேடுவது

கோப்பைத் திருத்திச் சேமித்தாயிற்று; திறந்து பார்த்தால் பழைய வரிகளே நிற்கின்றன. கேஷை (வேகத்துக்காகத் தற்காலிகமாகச் சேர்த்துவைத்த பழைய நகல்களை) துடைப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: திருத்தியதும் இப்போது பார்ப்பதும் ஒரே கோப்புதானா? ஒரே பெயரில் இரண்டு நகல்கள் இருப்பது மிகவும் சாதாரணம்.

கோப்பின் முதல் வரியில் வேறெங்கும் வராத ஒரு சொல்லை, 'சோதனை4471' என்பதுபோல், எழுதிச் சேமியுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டருக்குப் போய், கோப்பை நோட்பேடில் திறங்கள். சொல் இருந்தால் கோப்பு மாறிவிட்டது, காட்டும் நிரலில்தான் கோளாறு. இல்லையென்றால் திருத்தம் வேறிடத்துக்குப் போயிருக்கிறது.

அந்த வேறிடம் பலருக்கும் தெரியாத ஒன்று. விண்டோஸ் விஸ்டா முதல், பழைய 32-பிட் நிரல் ஒன்று அட்மின் உரிமையின்றி 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுத முயன்றால், பிழைச் செய்தி வராமலே போகலாம். விண்டோஸ் அந்தக் கோப்பின் நகலை உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் வைத்துவிடும். அதன்பின் அந்த நிரலுக்கு நகல் மட்டுமே தெரியும். அசலை நீங்கள் எத்தனை முறை திருத்தினாலும் அது கண்டுகொள்ளாது. நகலில் வேண்டியதை அசலில் சேர்த்துவிட்டு, நகலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, நிரலை மூடித் திறங்கள். ஒன்டிரைவ் பேக்கப் போட்டிருந்தால் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரும் இரண்டாக இருக்கக்கூடும். முழுப் பாதையைப் படித்துப் பாருங்கள்.

பழையதைக் காட்டுவது பிரவுசர் என்றால் கண்ட்ரோல் + எஃப்5 அழுத்துங்கள். போதவில்லையா? எஃப்12 அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் பலகையின் நெட்வொர்க் பகுதியில் 'டிசேபிள் கேஷ்' தேர்வு செய்யுங்கள். அந்தப் பலகை திறந்திருக்கும்வரைதான் இது வேலை செய்யும். சர்வீஸ் வொர்க்கர் (இணையதளம் பிரவுசரில் பதித்துவைக்கும், பழைய நகலைத் தரக்கூடிய பின்னணி நிரல்) பதிவாகியிருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

நெட்வொர்க் ஃபோல்டரில் கொஞ்சம் பொறுமை வேண்டும். விண்டோஸ் ஃபோல்டர் விவரங்களை இயல்பாக 10 விநாடி நினைவில் வைக்கும். லினக்ஸில் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ், கோப்பு விவரங்களை 3 முதல் 60 விநாடி வரை. ஓரிரு நிமிடம் கழித்தும் மாறாவிட்டால் விண்டோஸின் சிங்க் சென்டரில் 'ஆஃப்லைன் ஃபைல்ஸ்' (நெட்வொர்க் கோப்புகளின் நகலை உங்கள் கணினியிலேயே வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் நிரல்) பகிர்வு ஃபோல்டரிலிருந்து என்ஜினெக்ஸ் என்ற வெப் சர்வர் பழைய பக்கத்தையே தந்தால், அந்த சர்வரின் அமைப்புக் கோப்பில் 'சென்ட்ஃபைல்' வசதியை ஆஃப் செய்யுங்கள்.

நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் இயக்கும் டாக்கரில், ஒற்றைக் கோப்பை மவுண்ட் செய்திருந்தாலும் (அதாவது கண்டெய்னருக்குள் தெரியும்படி இணைத்திருந்தாலும்) இதே தொல்லை வரும். பல எடிட்டர்கள் புதுக் கோப்பாக எழுதிப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. கண்டெய்னர் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு ஃபோல்டரையும் மவுண்ட் செய்வதே சரியான வழி.

இவை எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, சேமித்ததும் சரியாகத் தெரிந்து, மறுபடி இயக்கியபின் பழையது திரும்புவது. ஒரே கணினியில் லினக்ஸும் விண்டோஸும் இருந்தால் விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி காரணமாகலாம். ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. லினக்ஸில் செய்த மாற்றம் அதன் நினைவில் இருக்காது, டிஸ்க் பிழைபடவும் வாய்ப்புண்டு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை நிறுத்துங்கள். பொதுக் கணினியில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள், மறுபடி இயக்கும்போது மாற்றங்களை அழித்துக் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இரண்டும் இல்லையென்றால் பென்டிரைவோ எஸ்எஸ்டியோ எழுதும் திறனை இழந்திருக்கலாம். அதில் மேற்கொண்டு எதையும் சேமிக்காமல், இருப்பதை உடனே வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள்.