உங்கள் பின்கோடு பகா எண்ணா? கால்குலேட்டரோடு பார்த்துவிடலாம்

7, 13 பகா எண்களா என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். ஆறு இலக்க எண்ணுக்கு? சென்னை பின்கோடுகளை வைத்தே பழகலாம்.

1. சுலபமாகக் கழிபவற்றை முதலில் தள்ளுங்கள். மயிலாப்பூர் 600004 இரட்டை எண், அவ்வளவுதான். 5-இல் முடியும் திருவல்லிக்கேணியும் (600005) போச்சு. மேற்கு மாம்பலம் 600033-இன் இலக்கங்களைக் கூட்டினால் 12. அது 3-ஆல் வகுபடும். தி.நகர் 600017-க்கு இலக்கங்களை மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 6−0+0−0+1−7 = 0. விடை 0 அல்லது 11-இன் மடங்கு என்றால் அந்த எண் 11-ஆல் வகுபடும்.

2. எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்யுங்கள். ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால், சிறிய காரணி அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 775 × 775 = 600625. ஆகவே நம் ஊர் எண்களுக்கு 773 வரையுள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

3. இனி வகுக்க வேண்டியதுதான். இங்கே பொறுமை முக்கியம். கோயம்பேடு 600107-ஐப் பாருங்கள். 2, 3, 5 என்று தொடங்கி 647 வரை 118 பகா எண்களுக்கும் அது அசையாது. ‘சரி, இது பகா எண்தான்’ என்று பேனாவை வைக்கத் தோன்றும். அடுத்த எண் 653. 653 × 919 = 600107! கடைசிவரை போகாத சோதனை சோதனையே இல்லை என்பேன்.

அம்பத்தூர் 600053 முழுதாகத் தாக்குப்பிடிக்கிறது. பெரம்பூர் 600011, பல்லாவரம் 600043 இரண்டும் அப்படியே. 600071, 600073 இரண்டுமே பகா எண்கள். இப்படி 2 மட்டும் வித்தியாசமுள்ள ஜோடிகள் முடிவில்லாமல் உண்டா என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

4. கிடைத்த பகா எண்ணை 4-ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம். கணித மேதை ஃபெர்மா சொன்னது, பின்னால் வந்த இன்னொரு கணித மேதை ஆய்லர் நிரூபித்தது. அம்பத்தூருக்கு மீதி 1: 697² + 338² = 600053. பெரம்பூருக்கு மீதி 3, அதனால் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது.

5. ராட்சத எண்களுக்கு இந்த வகுத்தல் உதவாது. 2024-இல் கண்டுபிடித்த பகா எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது. அதில் 4,10,24,320 இலக்கங்கள். இந்த வகை எண்ணுக்கு லூகாஸ்–லேமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்து 0 வந்தால் பகா எண். 2⁵−1 = 31-க்கு மூன்றே தடவை: 4, 14, 8, 0. அந்த ராட்சதனுக்கு 13,62,79,839 தடவை.