நுரைப்பலகையில் கற்சுவர்: வண்ணத்துக்கு முன் ஒரு காப்புப் பூச்சு

மேசைப் போர் விளையாட்டுகளில் 28 மி.மீ. அளவுச் சிற்றுருவ வீரர்களுக்கு ஏற்ற இடிந்த கற்சுவர்களைச் செய்வதற்கு, எக்ஸ்பிஎஸ் எனப்படும் அடர்த்தியான நுரைப்பலகையே என் கணிப்பில் மிகச் சிறந்தது. மணிமணியாக உதிரும் சாதாரண தெர்மாகோலில் கூர்மையான விளிம்பு கிடைக்காது. புதிய கத்தி அலகால் பலகையை வெட்டி, கல்லிடுக்குகளைப் பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீறிய பின், கசக்கி உருட்டிய அலுமினியத் தாளை அதன் மேல் ஆங்காங்கே அழுத்தினால், கல்லின் சொரசொரப்பு உடனே வந்துவிடும்.

அடுத்த கட்டத்தில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. பெரும்பாலான ஸ்ப்ரே பெயின்டுகளில் உள்ள கரைப்பான், இந்த நுரையின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனை அரித்துவிடுவதால், அவற்றை வெறும் நுரையின் மீது அடிக்கவே கூடாது. மாறாக, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையையும் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தையும் ஏறத்தாழச் சம அளவில் கலந்து, சிறிது நீர் சேர்த்து, இடுக்குகளும் அடிப்பக்கமும் விடுபடாமல் தூரிகையால் பூசி, ஓர் இரவு முழுவதும் உலர விடுங்கள். இப்பூச்சு, விளையாடும்போது விளிம்புகள் எளிதில் நசுங்காதபடி காக்கும் மேலோடாகவும், இடுக்குகளுக்குத் தேவையான நிழலாகவும் அமைகிறது.

பின்னர், அகலமான தூரிகையில் சாம்பல் நிறத்தை எடுத்துத் துணியில் நன்கு துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் மெல்லத் தடவுங்கள். அது உலர்ந்ததும் இன்னும் வெளிறிய சாம்பலை, முன்னதைவிடக் குறைவாக, மேல் விளிம்புகளில் தடவுங்கள். நீர்த்த பழுப்பு நிறத்தைச் சுவர் தரையைத் தொடும் பகுதியில் மட்டும் பூசினால் போதுமானது.